பதினேழாம் நம்பரும் தம்பியின் கையும்

அக்கா தினமும் காலையில் தம்பிக்கு ஃபோன் செய்வாள். அவன் எப்படி இருக்கிறான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "அது எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பாள்.

தம்பிக்கும் அது பழகிவிட்டது. "நல்லா இருக்குக்கா. நேத்து நெறைய தண்ணி குடுத்தேன்" என்பான், வளர்க்கக் கொடுத்த பிள்ளையைப் பற்றிப் பெற்றவளிடம் சொல்வதுபோல.

அது என்பது அக்காவின் இடது சிறுநீரகம். பல வருஷங்களுக்கு முன்னால் அதை எடுத்துத் தம்பியின் அடிவயிற்றில் வலது பக்கமாக வைத்துத் தைத்தார்கள். தம்பிக்குச் சிறுநீரகத்தையே கொடுத்துவிட்டாள் என்று உறவுக்காரர்கள் எல்லாம் மெச்சிக்கொண்டார்கள். அவர்களுக்கு விஷயம் சரியாகத் தெரியாது. அக்கா எதையும் கொடுக்கவில்லை. அவளுடைய சிறுநீரகம் வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். போன இடத்தில் அதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்கும் உரிமை தனக்கு இருப்பதாக அவள் நம்பினாள். தம்பி ஸ்கூட்டரை எடுத்தால், "மேடு பள்ளத்துல மெதுவா விடு. உள்ள இருக்கறது உன்னோடது இல்ல" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே மெதுவாக விடுவான்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தம்பியைப் படிக்க வைத்தது, கண்ணாடிக் கடை வைத்துக் கொடுத்தது, பெண் பார்த்துக் கட்டிவைத்தது எல்லாம் அவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு நேரமில்லை என்று சொல்வார்கள். நேரம் இருந்தது, அந்த நேரத்தில் அவள் தம்பி வீட்டில் இருந்தாள். எல்லோருக்கும் அவள் அக்காதான். வேலை பார்க்கும் ஆய்வகத்தில், அவளைவிட மூத்தவரான இயக்குநர்கூட "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

ஆய்வகத்தில் அவள் வேலை பெப்டைட் செய்வது. அமினோ அமிலங்கள் என்று சில வகை மணிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை வரிசையாகக் கோர்த்தால் கிடைக்கிற குட்டி மாலைதான் பெப்டைட். மிக நீளமாகக் கோர்த்து மடித்தால் புரதம். கோர்ப்பதற்கு இயந்திரம் உண்டு. ஆனால் எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்று திட்டம் போடுவதும், கோர்த்ததைக் கழுவிச் சுத்தம் செய்வதும், உறையவைத்து உலர்த்தி, தலையணைப் பஞ்சு மாதிரி வெள்ளையாகச் சின்னக் குப்பியில் அடைப்பதும் அக்காவின் பொறுப்பு. அந்தப் பஞ்சில் ஒரு சிட்டிகைக்காக அவள் மாசக்கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்த வேலைக்கும் தம்பிக்கும் சம்பந்தம் இருந்தது. நம் உடம்பில் காவலுக்கென்றே சில செல்கள் உண்டு. வெளியாள் யாராவது நுழைந்தால் ஊரைக் கூட்டிவிடும். இன்னொருவருடைய சிறுநீரகமும் அவற்றுக்கு வெளியாள்தான். சொந்த அக்காவுடையது என்று சொல்லிப் பார்த்தாலும் அந்தச் செல்களுக்கு உறவுமுறை தெரியாது. அதனால் தம்பி ஆயுசு முழுக்கக் காலையும் மாலையும் ஒரு மாத்திரை போட்டாக வேண்டும். அது அந்தக் காவல் செல்களை அடக்கி வைக்கும்.

அடக்குகிற விதத்தில்தான் கோளாறு. செல்லுக்குள் ஒரு நொதி இருக்கிறது. ஆபத்து என்று செய்தி வந்ததும் அந்த நொதி ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தட்டி எழுப்பி, சண்டைக்கான உத்தரவோடு உள்ளே அனுப்பும். மாத்திரை அந்த நொதியையே முடக்கிப் போடுகிறது. நொதிக்கோ அந்த ஒரு வேலை மட்டுமா? நரம்பில் வேலை, சிறுநீரகத்தில் வேலை என்று அதற்குத் தலைக்கு மேல் வேலை. எல்லாமே படுத்துவிடும். தம்பியின் கை நடுங்கியது அதனால்தான். இதில் இன்னும் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிற மாத்திரை, வருஷக்கணக்காகப் போட்டால் அதே சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். நிறுத்தினால் ஒரேயடியாகப் போய்விடும். எதில் விழுவது என்று மட்டும் நோயாளி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

கை நடுங்குவது எல்லோருக்கும் ஒரே மாதிரி கஷ்டம் இல்லை. மேடையில் பேசுகிறவருக்கு நடுங்கினால் உணர்ச்சிவசப்பட்டார் என்பார்கள். தம்பி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். கண்ணாடியின் கால் கழன்றால் எள்ளளவு ஸ்க்ரூவை எள்ளளவு துளையில் வைத்துத் திருக வேண்டும். அவன் கையிலிருந்து ஸ்க்ரூ மேஜையில் விழும். மேஜையிலிருந்து தரையில் உருளும். அவன் மனைவி ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். ஸ்க்ரூ விழும் சத்தம் கேட்டதும் உள்ளிருந்து வந்து, தரையில் காந்தத்தை இழுத்துப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போவாள். வாடிக்கையாளர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன் கண்ணுக்குப் போடப்போகும் ஒன்றை இந்தக் கை தொடுகிறதே என்று சிலர் அடுத்த தெருக் கடைக்கு மாறிவிட்டார்கள். தம்பி இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில்தான் அவள் பெப்டைட் கோர்த்தாள். ஒருநாள் கடையில் வைத்துத் தம்பிக்கு அதை விளக்கினாள்.

"வீட்டுக்குள்ள ரெண்டு பேரு பேசிக்கக் கூடாதுன்னு வச்சுக்கோ. வீட்டையே இழுத்துப் பூட்டிட்டுப் போனா பேச மாட்டாங்கல்ல? உன் மாத்திரை பண்றது அதுதான். சமையலும் நடக்காது, விளக்கும் எரியாது. நாங்க வீட்டைப் பூட்டப் போறதில்ல. அந்த ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கப் போறோம். நொதி அது பாட்டுக்கு மத்த வேலையெல்லாம் பாக்கும். இந்த ஒரு புரதத்தோட மட்டும் கை கோக்க முடியாது."

தம்பி மனைவி லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருக்கு நடுவுல ஸ்டூலப் போட்டு உக்கார்றது உங்களுக்குப் புதுசா அண்ணி?" என்றாள் தலையை நிமிர்த்தாமல்.

தம்பிக்கு இருமல் வந்தது. அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தேவையானதை மட்டும் தடுக்க வேண்டும், மற்றதைத் தொடக்கூடாது என்பதுதான் அக்காவின் தொழிலுக்கே அடிப்படை. ஆய்வகத்து வாசலில் செருப்பை மாட்டியதும் அது அவளுக்கு மறந்துபோகும். தம்பி கூட்டத்துக்குப் போகக்கூடாது, மழையில் நனையக்கூடாது, வெளியில் சாப்பிடக்கூடாது, பக்கத்து வீட்டு நாயைத் தடவக்கூடாது, மாமனார் வீட்டில் தங்கக்கூடாது. இதில் கிருமிக்குப் பயந்து சொன்னது பாதி. மிச்சம் எதற்கென்று அவளுக்கே தெரியாது. தம்பி மனைவி கல்யாணமான புதிதில் இரண்டொரு தடவை மறுத்துப் பேசிப் பார்த்தாள். "உனக்கு என்ன தெரியும் அதப் பத்தி?" என்று அக்கா ஒரே போடாகப் போட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாத்திரை, மருத்துவர், தண்ணீர், உப்பு எதைப் பற்றியும் அந்தப் பெண் வாய் திறந்ததில்லை. வீட்டை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டதாக அக்காவுக்குத் திருப்தி.

பதினாறு மாலைகள் உருப்படவில்லை. பதினேழாம் நம்பரைச் சுத்தம் செய்து முடிக்கிற அன்றைக்குத் தம்பிக்கு ரத்தப் பரிசோதனை. அக்கா வரவேண்டும் என்று யாரும் கூப்பிடவில்லை. அக்கா இல்லாமல் அவனுக்கு ரத்தம் எடுத்ததாக வரலாறும் இல்லை. கடைசியாகச் செய்ய வேண்டிய ஒரு கழுவலை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, பஞ்சை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுவிட்டு ஓடினாள். பரிசோதனை முடிவு நன்றாக இருந்தது. அடுத்த பரிசோதனைக்கு மூன்று மாசம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். அந்தச் சந்தோஷத்தில் கழுவல் அவள் நினைவிலிருந்தே கழுவிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் பஞ்சு குப்பிக்குள் போய், குப்பி செல் மாமாவிடம் போனது.

செல் மாமா ஆய்வகத்தில் செல் வளர்ப்பவர். லீவு நாளிலும் வந்து அவற்றுக்கு ஊட்டிவிட்டுப் போவதால் அந்தப் பெயர். அவர் வளர்க்கும் காவல் செல்களில் ஒரு வசதி இருந்தது. சண்டைக்கான உத்தரவு உள்ளே போய்ச் சேர்ந்தால் அவை பச்சையாக ஒளிரும். மருந்து வேலை செய்தால் ஒளிராது. பதினாறு தடவையும் பச்சைப் பசேல் என்று எரிந்து அக்காவின் மானத்தை வாங்கிய செல்கள் அவை.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்க" என்று அவர் கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

செல்கள் வளரும் தட்டில் வெறும் தண்ணீர் விட்ட குழி பச்சையாக இருந்தது. தம்பி போடும் பழைய மருந்து விட்ட குழி இருட்டு. பதினேழாம் நம்பர் விட்ட குழியும் இருட்டு.

"செத்துப்போச்சா?" என்றாள் அக்கா.

"எண்ணிப் பாத்துட்டேன். உசுரோடதான் இருக்கு. அமைதியா இருக்கு."

அக்கா சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். இயக்குநர் ஓடிவந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, இது வெளியில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று எல்லோரையும் எச்சரித்தார். பிறகு தன் அறைக்குப் போய், கடல் கடந்து நடக்கும் ஒரு மாநாட்டில் இதைப் பேசுவதற்கு இடம் கேட்டு எழுதினார். அங்கே குளிருமாம். அந்த வாரமே புதுக் கோட்டு வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினார்.

அக்காவும் ரகசியத்தைக் காப்பாற்றினாள், சாயங்காலம் வரை. தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு துளிடா. ஒரே துளிதான் விட்டோம். கப்சிப்னு அடங்கிப்போச்சு. இத்தன வருஷமா நீ மலை மாதிரி முழுங்கறியே, அவ்வளவும் தேவையே இல்ல."

தம்பி சோற்றுக் கையோடு அவளையே பார்த்தான். "எப்பக்கா மாத்திரையா வரும்?"

"அதுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு. எலிக்குக் குடுக்கணும், அப்புறம் ஆளுங்களுக்குக் குடுத்துப் பாக்கணும். பத்து வருஷங்கூட ஆகும்."

சொன்னதில் ஒரு பாதி உண்மை, ஒரு பாதி உற்சாகம். கேட்பவர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள் என்பது சொல்பவர் கையில் இல்லை. தம்பி தன் கையைப் பார்த்தான். விரல்களுக்கு நடுவில் பருக்கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நாளில் அதிசயம் நடந்தது. அக்கா கடைக்குப் போயிருந்தபோது தம்பி ஒரு வயசானவருடைய கண்ணாடிக்குக் கால் மாட்டிக்கொண்டிருந்தான். ஸ்க்ரூவை எடுத்தான், வைத்தான், திருகினான். ஒரே தடவையில். காந்தம் ஆணியில் சும்மா தொங்கியது. அதில் தூசி படிந்திருந்தது.

"டேய், கை காட்டு" என்றாள் அக்கா.

காட்டினான். மேஜை விளிம்பு மாதிரி அசையாமல் இருந்தது.

"பழகிடுச்சுக்கா. உடம்புக்கு மருந்து பழகிடுச்சு போல" என்றான் தம்பி, கண்ணாடியைத் துடைத்தபடி.

அப்படி நடப்பது உண்டுதான். அக்காவுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, வாடிக்கையாளர் இருந்ததால் அடக்கிக்கொண்டாள். தம்பி மனைவி மட்டும் உள்ளே எழுந்து போனாள். தனக்குச் சந்தோஷம் வந்தால் இவளுக்குப் பொறுக்காதே என்று அக்கா நினைத்துக்கொண்டாள். கடையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. அடுத்த தெருவுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கூட்டத்தைக் காரணம் காட்டித் தம்பி அடுத்த ரத்தப் பரிசோதனையை ஒரு வாரம் தள்ளினான். பிறகு இன்னொரு வாரம். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா தொணதொணக்கவில்லை. அவளும் மாநாட்டு வேலையில் மூழ்கியிருந்தாள்.

மாநாட்டுக்கு ஒரு சோதனை பாக்கி இருந்தது. பதினேழாம் நம்பரில் உள்ள அதே மணிகளை எடுத்து, வரிசையை மட்டும் தாறுமாறாக மாற்றி இன்னொரு மாலை கோர்க்க வேண்டும். அது வேலை செய்யக்கூடாது. செய்யவில்லை என்றால்தான், பதினேழு அந்த வரிசையால் வேலை செய்கிறது, அந்த ஒரு இடத்தில் பொருந்தி உட்கார்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். முதலிலேயே செய்திருக்க வேண்டியது; சந்தோஷத்தில் தள்ளிப்போயிற்று. இரண்டுக்கும் நடுவில் துளி வித்தியாசம் இருக்கக்கூடாது என்று அக்கா குறிப்பேட்டைப் பார்த்துப் பதினேழுக்குச் செய்ததையெல்லாம் இதற்கும் செய்தாள். பதினேழுக்குச் செய்யாததை இதற்கும் செய்யவில்லை.

செல் மாமா சோதித்துவிட்டு வந்து நின்றார். "குப்பிய மாத்திக் குடுத்துட்டீங்களாக்கா?"

"ஏன்?"

"இதுவும் இருட்டாதான் இருக்கு."

மறுபடி செய்தார்கள். மறுபடி இருட்டு. உதவாக்கரை மாலையும் அற்புதமாக வேலை செய்தது. அக்கா பதினேழாம் நம்பர்க் குப்பியைத் திறந்து, வழக்கத்துக்கு மாறாக மூக்கருகே கொண்டுபோனாள். லேசாக, மிக லேசாக, மூக்கைக் குத்தும் புளித்த நெடி.

பெப்டைடைச் சுத்தம் செய்யும்போது ஒரு காரமான அமிலம் சேர்ப்பார்கள். அது பெப்டைடோடு ஒட்டிக்கொள்ளும், உலர்த்தினாலும் போகாது. கடைசியாக ஒரு கழுவல் கழுவி அதை விரட்டிவிட்டு, சாதுவான வேறொன்றை அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும். அன்றைக்கு அவள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கழுவல் அதுதான். அக்கா அமிலத்தை மட்டும் அதே அளவு தண்ணீரில் கலந்து கொடுத்தாள். பெப்டைடே இல்லை, வெறும் அமிலம். செல்கள் அதற்கும் கப்சிப் என்று அடங்கின. அவை யாருடைய பேச்சுக்கும் கட்டுப்பட்டு அமைதியாக இருக்கவில்லை. நெடி தாங்காமல் மயங்கிக் கிடந்திருக்கின்றன.

அக்கா இயக்குநரின் அறைக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னாள். "தப்பு என்னோடதுங்க. கழுவாம விட்டுட்டேன்."

கதவுக்குப் பின்னால் புதுக் கோட்டு விலைச்சீட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. இயக்குநர் அதைப் பார்த்தார். திட்டுவார் என்று அக்கா காத்திருந்தாள். திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்க தப்பு மட்டும் இல்லக்கா" என்றார் கடைசியில். "பதினாறு தடவ கெட்டதா வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஏன் ஏன்னு குடைஞ்சோம். தண்ணி சரியில்லையா, செல் சரியில்லையா, குப்பி சரியில்லையான்னு. ஒரே ஒரு தடவ நல்லதா வந்துச்சு. ஏன்னு ஒருத்தராவது கேட்டோமா? நமக்கு வேணும்கறது வந்துட்டா நாம கேக்கறதே இல்ல."

அக்கா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் கண் முன்னால் ஒரு கை நின்றது. மேஜை விளிம்பு மாதிரி அசையாத கை. ஆணியில் தொங்கிய காந்தம். அதன்மேல் தூசி.

"நான் வரேங்க" என்று எழுந்தாள். இயக்குநர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கையுறையைக்கூடக் கழற்றாமல் அவள் தெருவில் இறங்கினாள்.

கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். தம்பி ஸ்க்ரூ திருகிக்கொண்டிருந்தான். அக்கா நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"மாத்திரை போடறியா?"

"போடறேனேக்கா."

"டேய்."

அந்த ஒற்றைச் சொல்லுக்கு முன்னால் சின்ன வயசிலிருந்து அவன் எதையும் மறைத்ததில்லை. ஸ்க்ரூவை மேஜையில் வைத்தான். "காலைல போடறேன். சாயங்காலம் போடறதில்ல. கொஞ்ச நாளா காலைலயும் பாதிதான்."

"எவன்டா கொறைக்கச் சொன்னான்?"

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. "நீதானேக்கா சொன்னே. மலை மாதிரி முழுங்கறது தேவையே இல்லன்னு. ஒரு துளியே போதும்னு."

பழியைப் போட ஆள் கிடைத்ததும் அக்காவுக்குக் கோபம் வந்தது. கதவோரம் நின்ற தம்பி மனைவி பக்கம் திரும்பினாள். "நீ பக்கத்துலயே இருக்கியே. உனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

அந்தப் பெண் அமைதியாகத்தான் பதில் சொன்னாள். "தெரியும் அண்ணி. இப்படிச் செய்யலாமான்னு இவர்கிட்ட கேட்டேன். அக்காவே சொல்லிட்டாங்கன்னாரு. நீங்க சொல்லிட்டீங்கன்னா அதுக்கு மேல இந்த வீட்டுல நான் எப்ப பேசியிருக்கேன்? எனக்கு என்ன தெரியும் அதப் பத்தி?"

காத்திருந்த மூன்று பேரும் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர்கள்போல வேறு பக்கம் பார்த்தார்கள்.

அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தத்தில் கழிவு ஏறியிருந்தது. காவல் செல்கள் இத்தனை வருஷம் காத்திருந்து, கட்டு தளர்ந்ததும் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தன. பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே அக்காவும் தம்பி மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உட்கார யாரும் இல்லை. இரண்டாம் நாள், தம்பி மனைவி ஒரு டம்ளரில் காப்பி ஊற்றி அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டாள்.

மருத்துவர் வெளியே வந்தபோது அக்கா வழக்கம்போல முதலில் எழுந்தாள். எழுந்தவள் ஒதுங்கி நின்று, "இவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள்.

"போனது போனதுதான். மிச்சத்தைப் பிடிச்சு நிறுத்திட்டோம்" என்றார் மருத்துவர், தம்பி மனைவியைப் பார்த்து. "இனிமே மாத்திரை முன்ன விடக் கூடுதலாதான் போடணும். நடுக்கமும் கூடும். ஒரு வேளை தவறினாலும் அடுத்த தடவ எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

உள்ளே போக விட்டார்கள். தம்பியின் முகம் வீங்கியிருந்தது. அக்கா கட்டிலோரம் நின்றாள். மூன்று நாளாக அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்தது. "ஏண்டா, என் கிட்னிய என்னடா பண்ணி வச்சிருக்கே? அறுத்துக் குடுத்தேனேடா உனக்கு."

தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிட்னி உன்னோடதுதான்கா" என்றான். "கை என்னோடது. அது ஒண்ணாவது எங்கிட்ட கொஞ்ச நாள் இருக்கட்டும்னு பாத்தேன்."

அதற்குப் பிறகு அக்கா அந்தச் சிறுநீரகத்தைத் தன்னுடையது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

இயக்குநர் மாநாட்டுக்குப் போகவில்லை. கோட்டை ஒரு மருமகனுக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. பதினேழாம் நம்பரையும் தாறுமாறு மாலையையும் முறைப்படி கழுவி மறுபடி சோதித்தார்கள். பதினேழு விட்ட குழியில் செல்கள் பச்சையாக எரிந்தன. ஆனால் முன்பு மாதிரி பசேல் என்று இல்லை, கொஞ்சம் மங்கல். தாறுமாறு மாலை விட்ட குழியில் அந்த மங்கல்கூட இல்லை, பச்சைப் பசேல்தான். மூன்று தடவை பார்த்தார்கள், மூன்று தடவையும் அப்படியே. அற்புதம் போய், துளியூண்டு உண்மை மிஞ்சியது. அந்த மங்கலைப் பார்த்துச் செல் மாமா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "ஏன் மங்கலா இருக்குன்னு மொதல்ல பாப்போம்" என்றாள்.

காலை ஃபோன் மட்டும் நிற்கவில்லை. இப்போது அவள் கூப்பிடுவது தம்பி மனைவியை. கேள்வியும் மாறிவிட்டது.

"கை எப்படி இருக்கு?"

"நடுங்குது அண்ணி. காலைல காப்பி பாதி சட்டையில. கடையில நேத்து காந்தத்தை எடுத்து எடுத்து எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

"நல்லா நடுங்குதா?"

"நல்லா நடுங்குது."

அக்காவுக்கு அப்போதுதான் உயிர் வரும். ஃபோனை வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, அந்த நடுக்கத்தை நிறுத்துவதற்காகப் பதினெட்டாம் நம்பரைக் கோர்க்க உட்காருவாள்.